தாமதத்துக்கான காரணம்

ஒன்று பன்னிரண்டுக்கு உத்தரவு வந்துவிட்டது. திரையின் மூலையில் பச்சைக் கட்டமாக எழும்பி நிற்கிறது. எல்மர் சோக், வயது முப்பத்தொன்று, கூரை வேலை, லைசன்ஸ் இல்லாமல் வான் ஓட்டியதற்காக முந்தாநாள் பிடிபட்டவர். நீதிபதி அவரைச் சொந்தப் பிணையில் விடச் சொல்லிவிட்டார். இனி என் அலுவல். அமெரிக்காவுக்கு வந்து இத்தனை வருடத்தில் பதினொரு வருடம் இந்தக் கவுண்டிச் சிறையின் பதிவுக் கந்தோரில், வலது பக்கம் கொஞ்சம் சரிந்த இதே கதிரையில் இருந்து நான் செய்கிற அலுவல்தான். கைரேகையை ஒத்துப் பார்ப்பது, வேறெந்த வழக்கிலும் தேடப்படுகிறாரா என்று பார்ப்பது, விடுதலைத் தாளை அச்செடுப்பது, உடுப்பையும் சாமானையும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, பிறகு சார்ஜன்ட்டைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்வது. முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். கை தன்பாட்டில் செய்யும், மனம் எங்கேயாவது போய்விட்டு வரும், கறிக்கு உப்புப் போட்டேனா என்றுகூட யோசித்துக்கொண்டு ஒரு மனிதரை வெளியே விட்டுவிடலாம். ஆனால் இன்றைக்குக் கோப்பில் உத்தரவுக்கு அடியில் மற்றத் தாள் கிடக்கிறது. காலையில் மத்திய அரசின் குடிவரவு ஆட்கள் அனுப்பியது. இந்த நபரை விடுதலை செய்யும்படி வந்தாலும் விடாதீர்கள், நாற்பத்தெட்டு மணித்தியாலம் வைத்திருங்கள், நாங்கள் வந்து பொறுப்பெடுக்கிறோம். அடியில் ஒரு கையெழுத்து, நீண்ட வால் வைத்த கையெழுத்து, அதற்குக் கீழே பதவி. அதிகாரி. நீதிபதி அல்ல. இரண்டு தரம் பார்த்துவிட்டேன், மூன்றாம் தரமும் பார்க்கிறேன், அதிகாரிதான். இரண்டு வருடத்துக்கு முன் இந்த மாநிலத்தில் சட்டம் வந்தபோது எங்களைச் சாப்பாட்டு மண்டபத்தில் இருத்தி வகுப்பெடுத்தார்கள். நீதிபதி கையெழுத்து வைத்த பிடியாணை இல்லாமல், மத்திய அரசு கேட்டது என்பதற்காக மட்டும், மாநிலத்துக்குள் எந்தச் சிறையும் எவரையும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக வைத்திருக்கக் கூடாது; எப்போது விடப் போகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவும் கூடாது. வகுப்பெடுத்த பெண் 'ஒரு நிமிடம்கூட' என்று சொல்லும்போது ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள். நகத்தில் நீலப் பூச்சு. அந்த நகம் நினைவில் இருக்கிறது, அவள் பெயர் இல்லை.

ஒன்று இருபதுக்கு சார்ஜன்ட் கோவால்ஸ்கி கதவடியில் வந்து நிற்கிறார். பெரிய உடம்பு, உள்ளே வராமல் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் எப்போதும் கதைப்பார். நல்ல மனிதர். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறு எதையும் சொல்ல முடியாது. போன தை மாதம் என் காரின் பற்றரி பனியில் செத்துக் கிடந்தபோது கையுறைகூடப் போடாமல் வந்து வயர் பூட்டி ஸ்டார்ட் பண்ணித் தந்தவர். அவருடைய மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தபோது நான் பருப்பு சூப் வைத்துக் கொடுத்தேன், சட்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். "சூ," என்கிறார். சுபோதினி என்ற பெயர் இந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போதே முன் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் கழன்று விழுந்துவிடும். "அந்தச் சோக் என்கிற ஆள். குடிவரவுக்காரர் எனக்குப் போன் பண்ணினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கோர்ட்டின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது, பார்த்திருக்கிறார்கள். நாற்பது நிமிடத் தூரத்தில் வந்துகொண்டிருக்கிறார்களாம்." நிலையில் நகத்தால் எதையோ சுரண்டுகிறார். "சட்டத்தை மீறச் சொல்லி உன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவசரப்படாதே, அவ்வளவுதான். உன் மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடு. பிரிண்டர் வேறு அடிக்கடி மக்கர் பண்ணுகிறது." சிரிக்கிறார். பிறகு சிரிக்காமல் சொல்கிறார், "இங்கே சுவருக்குள் கூட்டிக்கொண்டு போனால் ஒருவருக்கும் கீறல் படாது சூ. வெளியே விட்டால் தெருவில் பிடிப்பார்கள். அவருடைய பிள்ளைகள் பார்க்கப் பிடிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்." நான் "ஓகே சார்ஜன்ட்" என்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார். சப்பாத்துச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து தேய்ந்து போகிறது.

ஓகே. ஏன் சொன்னேன்? அந்தச் சொல் என் வாயில் தும்மல் மாதிரி, கேட்டு வருவதில்லை. பல் வைத்தியர் நோகுதா என்றால் ஓகே, கடையில் பிழையான சாமானைப் பையில் போட்டால் ஓகே. அம்மா வளர்த்த வளர்ப்பு அது. ஆராவது ஒன்று தந்தால் வேண்டாம் எண்டு முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது பிள்ளை, இருங்கோ எண்டால் ரெண்டு நிமிசமாவது இருந்திட்டு எழும்ப வேணும். இரண்டு நிமிசம். தொண்ணூற்றேழில், யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தோம், அம்மா, நான், என்னைவிட மூன்று வயது மூத்த கிருபாகரன் அண்ணா. ஒரு விடியற்காலை சுற்றிவளைத்து அண்ணாவைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள், நான் அவருடைய அடையாள அட்டையையும் பொலிசில் பதிந்த துண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பத்து மணிக்குள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை. பெரியவர் உள்ளே இருந்து போகலாம் என்று கையைக் காட்டினார். அண்ணா முன்மேசை மட்டும் வந்துவிட்டார், வாசல் இரண்டு எட்டு, வாசலில் நான். அங்கே புத்தகம் எழுதிக்கொண்டிருந்த வயதான பொலிஸ்காரர் நிமிர்ந்து பார்த்து, தெரிந்த தமிழில், "தம்பி, கொஞ்சம் இருங்க, தேத்தண்ணி வந்திருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றார். கண்ணாடித் தம்ளரை நீட்டினார். அண்ணா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். குடியுங்கோ அண்ணா என்று நான்தான் தலையாட்டினேன். பொலிஸ்காரர் ஒருவர் மரியாதையாகத் தேத்தண்ணி தரும்போது வேண்டாம் என்று சொல்வது எப்படி? அண்ணா மரவாங்கில் இருந்து ஊதி ஊதிக் குடித்தார். தம்ளர் பாதி ஆகவில்லை, வெளியே ஒரு வான் வந்து நின்றது, சிவில் உடுப்பில் நாலு பேர், வேறு பிரிவு, அண்ணாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வர இரண்டு வருடத்துக்குப் பதினொரு நாள் குறைவு. அந்தப் பொலிஸ்காரரின் முகத்தை நான் இத்தனை காலமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வான் வருகுது, ஆளைப் பிடித்து வை என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்களா, இல்லை, விடியத்தொடக்கம் ஒன்றும் சாப்பிடாத ஒருவனுக்கு உண்மையிலேயே மனம் இரங்கினாரா? அண்ணாவுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்காபரோவில் இருந்து போனில் சிரிப்பார். "அந்த மனுசன் பாவம் சுபோ. நல்ல தேத்தண்ணி, சீனி தூக்கலாப் போட்டிருந்தவர். நீ ஏன் இன்னும் அதைப் போட்டுக் கிண்டுறாய்?" நான் கிண்டவில்லை அண்ணா, அது தன்பாட்டில் கிண்டுப்படுகிறது. அவர் நல்லவராக இருந்தாலும் கெட்டவராக இருந்தாலும் நீங்கள் வாங்கில் இருந்த நேரம் அதே நேரம்தானே. கோவால்ஸ்கியும் நல்லவர்தானே.

கைரேகை ஒத்துப்போகிறது. ஒன்று இருபத்தாறு. வேறு வழக்கு இருக்கிறதா என்று கணினி தேடுகிறது, சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றட்டும், இது என் கையில் இல்லாத தாமதம். கையில் இல்லாத தாமதத்துக்கு மனம் எவ்வளவு சந்தோசப்படுகிறது என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. சார்ஜன்ட் சொன்னது பொய்யா? பொய்யில்லை. தெருவில் பிடிப்பார்கள். பிள்ளைகள் பார்க்கப் பிடிக்கலாம். சுவருக்குள் அமைதியாக நடக்கலாம், உண்மை, ஆனால் அந்தச் சுவர் நான் அல்லவா, அவருக்கு எது நோகாது என்று அவருடைய நேரத்தை எடுத்து நான் தீர்மானிக்கிறதா? நானும் வரிசையில் நின்றவள்தான். பத்து வருடம் நின்றேன், கைரேகை கொடுத்தேன், நேர்முகத்துக்குப் போனேன், கொடியின் கோடுகள் எத்தனை என்று மனப்பாடம் பண்ணினேன். வரிசையில் நிற்காதவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததே இல்லை என்று சொன்னால் பொய். வந்திருக்கிறது. எங்கள் சனமே சாப்பாட்டு மேசைகளில் கதைக்கும், நாங்கள் முறையாக வந்தனாங்கள் என்று, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் அலைந்ததை மறந்துவிட்டுக் கதைக்கும். போன மாதம் ஒருவன், மனைவியின் கையை முறித்தவன். அவனுக்கும் நீதிபதி பிணை கொடுத்தார், அவனுக்கும் இதே தாள் வந்தது, வாலில்லாத வேறு கையெழுத்து. அவனை நேரத்துக்கு விட்டேன். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். அன்றைக்கு ஒருவரும் என்னிடம் வந்து ஆறுதலாகச் செய் என்று கேட்கவில்லை, குடிவரவுக்காரர் போன் பண்ணவும் இல்லை. கை முறித்தவனுக்கு ஓடிய மணிக்கூடு கூரை போடுகிறவருக்கு ஏன் தவழ வேண்டும்? வட்டம் நின்றுவிட்டது. வேறு வழக்கு இல்லை. ஒன்று முப்பத்தொன்று. பயம் இப்போதுதான் வருகிறது, அதுவும் கோணல் வழியால். என்னுடைய பிறந்த ஆண்டு. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் பிறப்புப் பத்திரம் தொலைந்து, பிறகு புதிதாக எடுத்தபோது எழுபத்தைந்தை எழுபத்திநாலு என்று எழுதிவிட்டார்கள், திருத்த அலையச் சக்தி இல்லாமல் அதையே எல்லா இடமும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன், குடியுரிமைத் தாளிலும் அதுதான். யாராவது என் பெயரைக் குறித்துக்கொண்டு என் கோப்பை இழுத்தால்? ஒரு வயது கூட என்பதற்காக ஒருத்தியின் நாட்டைத் திருப்பி எடுப்பார்களா? மாட்டார்கள். எடுக்கலாம். மாட்டார்கள். அண்ணாவின் தாள்களில் ஒரு பிழையும் இருக்கவில்லை, அன்றைக்கு. ஒரு பிழையும் இல்லாத தாள்கள் என் கையில் இருந்தன, நான் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் தலையாட்டினேன்.

அச்செடு என்று அழுத்துகிறேன். பிரிண்டர் ஒரு தரம் இருமுகிறது. தாளைப் பாதி இழுக்கிறது, நிற்கிறது, சிவப்பு விளக்கு. எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே நின்றுவிடுகிறது. உண்மையாகவே சிக்கிவிட்டது. சார்ஜன்ட் சொன்னதால் சிக்கியதா, நான் உள்ளுக்குள் விரும்பியதால் சிக்கியதா? இனி நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பழுதுபார்க்கிறவரைக் கூப்பிட்டுவிட்டு இருக்கலாம், பெட்டியைத் திறந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிடலாம், எல்லாமே நடந்தது நடந்தபடி, எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் சட்டத்தை மீறவில்லை, ஒரு இயந்திரம் மட்டும் சிக்கிக்கொண்டது. இப்படித்தான் இருந்திருக்கும் அந்தப் பொலிஸ்காரருக்கும். தேத்தண்ணி உண்மையாகவே வந்திருந்தது. நான் பிரிண்டரின் வாயைத் திறந்து கையை விடுகிறேன், உள்ளே சூடு, விரல் நுனியில் கறுப்பு மை, தாள் கிழிந்து ஒரு துண்டு உள்ளேயே நிற்கிறது. ஒன்று முப்பத்தெட்டு. மூடினேன், சிவப்பு. திறந்தேன், மூடினேன், சிவப்பு. கீழ் இழுப்பறையில் வெறும் படிவங்கள் இருக்கின்றன, கணினி நின்றுபோகும் நாட்களுக்காக, கையால் நிரப்புகிறவை; நாலு வருடமாக ஒருவரும் தொடவில்லை, ஓரம் மஞ்சளாகிவிட்டது. ஒன்றை எடுத்து எழுதத் தொடங்குகிறேன். இரண்டாம் வரியிலேயே பள்ளிக்கூடக் கையெழுத்தாகிறது, வட்ட வட்டமாக. பெயர். வழக்கு இலக்கம். உத்தரவு கிடைத்த நேரம். விடுவிக்கும் நேரம், அதை வெறுமையாக விடுகிறேன். கடைசியில் ஒரு நீளக் கட்டம். உத்தரவு வந்து நாற்பது நிமிடமாகியும் விடாமல் தாமதம் ஏற்பட்டால் அதற்கான காரணம். கணினியில் இது ஒரு சின்னப் பட்டியல், ஒன்றைத் தட்டிவிட்டால் போய்விடும். தாளில் அது நாலு வரி. நாலு வெறும் வரி, ஒருவர் குந்தியிருந்து தன் கையால் எழுத வேண்டிய அளவு இடம்.

எல்மர் சோக்கைக் கூட்டிவருகிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் சொந்த உடுப்பில் நிற்கிறார், சப்பாத்தில் தார் காய்ந்திருக்கிறது, குட்டையான மனிதர், முகத்தில் இரண்டு நாள் தாடி. அவருடைய சாமான் பையைத் துவாரத்தால் தள்ளுகிறேன். பெல்ட், போன், அளவுநாடா, மூக்குக் கண்ணாடி. பட்டியலை எடுத்து ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசிக்கிறார். முதலில் கண்ணாடியைத் துடைக்கிறார், பிறகு போடுகிறார், பிறகு வாசிக்கிறார். மரியாதையான மனிதர். எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கிறது. "எல்லாம் இருக்கிறது. கையெழுத்து வையுங்கள்," என்கிறேன். நிமிர்ந்து பார்க்கிறார். "இங்கே. இப்போதே." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கடைக்காரி குரல். அவசரமாகக் கையெழுத்து வைக்கிறார். பிறகு சட்டப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறேன், அந்த மற்றத் தாளின் பிரதியை. இதையும் வகுப்பில் சொன்னார்கள்: இப்படி ஒரு வேண்டுகோள் வந்திருக்கிறது என்பதை அந்த ஆளிடமே கொடுத்துவிட வேண்டும். தலைப்பை மட்டும் வாசிக்கிறார். முகம் மூடிக்கொள்கிறது. கொழும்பில் எங்கள் முகங்கள் மூடிக்கொண்ட மாதிரியேதான்.

"குடிவரவு," என்கிறார் மெல்ல. "வெளியே நிற்கிறார்களா?"

"இந்த நேரத்தில் ஒருவரும் இல்லை."

"பிறகு?"

"பிறகு பற்றி எனக்குத் தெரியாது. நீதிபதி உங்களை விடச் சொல்லிவிட்டார். உங்களைப் பிடித்து வைத்திருக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் இலவசச் சட்டத்தரணிகளின் நம்பர் இருக்கிறது, இன்றைக்கே கூப்பிடுங்கள். முன்கதவால் போய் இடப்பக்கம் திரும்பினால் பஸ் நிற்கும்."

"நீங்கள்..." என்று ஏதோ கேட்கத் தொடங்குகிறார். நீங்கள் எந்த நாடு என்றோ, நீங்கள் ஏன் இப்படிப் பதறுகிறீர்கள் என்றோ, தெரியாது. "பெல்ட்டை வெளியே போய்க் கட்டுங்கள்," என்கிறேன்.

இனிக் கடைசிக் கதவு. அதை நான் திறக்க முடியாது, சார்ஜன்ட்டின் மேசையில் இருக்கிறது பொத்தான். தொலைபேசியை எடுக்கிறேன். ஒரு தரம் அடிக்கிறது, இரண்டு தரம். அவர் எடுக்காமல் விட்டால்? எடுக்கிறார்.

"சோக் தயார், சார்ஜன்ட்."

"அதற்குள்ளா?" சுவர் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்ப்பது அவர் குரலில் தெரிகிறது. "சாப்பிட்டாயா?"

"இல்லை."

"பிரிண்டர்?"

"சிக்கிவிட்டது. உண்மையாகவே. கையால் எழுதினேன்."

அவருடைய மூச்சு கேட்கிறது. பனியில் கையுறையில்லாமல் நின்ற அந்த மூச்சு. ஓகே சார்ஜன்ட் என்று சொல்லிவிடு, நீங்கள் சொல்கிறபடி என்று சொல்லிவிடு, ஆயிரம் தரம் சொன்னவள்தானே என்று வாய் தன்பாட்டில் திறக்கப் பார்க்கிறது. "அவர்களுடைய தாளில் நீதிபதி கையெழுத்து இல்லை," என்கிறேன். "மூன்று தரம் பார்த்தேன். இப்போது ஒன்று ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டானால் இந்தத் தாளில் காரணம் எழுத வேண்டும். நாலு வரி விட்டிருக்கிறார்கள். என்ன எழுதட்டும் சார்ஜன்ட்? நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். கீழே உங்கள் கையெழுத்தும் வேண்டும்."

என் வாழ்க்கையில் ஒருவரையும் நான் இப்படிக் கேட்டதில்லை. கேட்ட கேள்வி வயரின் நடுவில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடிக்கு அங்கே எல்மர் சோக் பெல்ட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி என் வாயைப் பார்க்கிறார். நான் அண்ணாவைப் பார்த்து அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது ஒரேயொரு சொல், வாங்கோ, அவ்வளவுதான், இரண்டு எட்டு, வெய்யில், பஸ். சார்ஜன்ட் நீளமாக மூச்சு விடுகிறார். "கடவுளே, சூ," என்கிறார், கோபமா களைப்பா என்று பிடிபடாத குரல். பிறகு கதவு கர்ரென்கிறது. அந்தச் சத்தம் பதினொரு வருடமாக என் காதை அறுத்த சத்தம். எல்மர் சோக் கதவைத் தள்ளுகிறார், திறக்கும் என்று நம்பாமல் கொஞ்சமாகத் தள்ளி, திறந்ததும் சறுக்கினவர் மாதிரி வெளியே போகிறார். நான் எழுதுகிறேன்: பிற்பகல் ஒன்று ஐம்பத்தொன்று. நாலு வரிக்கும் குறுக்கே ஒரு கோடு.

கமராத் திரையில் முன்வாசல் தெரிகிறது, வாகனத் தரிப்பிடத்தின் ஒரு துண்டும் தெரிகிறது. படிக்கட்டில் நின்று பெல்ட்டைக் கட்டுகிறார். கட்டாதே, நட. நடக்கிறார். இடப்பக்கம். திரையின் விளிம்பில் ஒரு தோள், ஒரு சப்பாத்து, பிறகு வெறும் தரை, பனி உருகி ஈரமான தரை. பஸ் கிடைத்ததா? இந்த நேரத்துக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ்? பதினொரு வருடம் காரில் வந்துபோனவளுக்கு அது தெரியவில்லை. பாதிதான் செய்தேனா, அவரைக் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கையைக் கழுவிவிட்டேனா, இந்த ஈரத் தரையில் வேறு யாராவது... இரண்டு மூன்றுக்கு ஒரு சாம்பல் நிற வண்டி திரைக்குள் வந்து நிற்கிறது. இரண்டு பேர். ஒருவர் இளம் ஆள், தடிமன் பிடித்தவர் போல, கைலேஞ்சியை மூக்கில் வைத்தபடியே வருகிறார். உள்ளே வந்து சார்ஜன்ட்டின் மேசையடியில் நிற்பது பக்கத்துத் திரையில் தெரிகிறது, குரல் தாழ்வாரத்தால் அரைகுறையாகக் கேட்கிறது. சார்ஜன்ட் எழும்பாமலே சொல்கிறார், "போய்விட்டார். நீதிபதி உத்தரவு. தாள் இருக்கிறது, பார்க்கப் போகிறீர்களா?" மூத்தவர் ஏதோ கேட்கிறார். "எந்தப் பக்கம் போனார் என்பது என் வேலை இல்லை. மாநிலச் சட்டம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." இன்னும் ஏதோ. "நீதிபதியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள், நானே கோப்பி போட்டுத் தருகிறேன்." தடிமன் பிடித்தவர் கழிவறை எங்கே என்று கேட்கிறார். சார்ஜன்ட் கையைக் காட்டுகிறார். அவர் போய் வரும்மட்டும் மூத்தவர் மேசையடியிலேயே நிற்கிறார். நான் எண்ணுகிறேன், நூற்றுப் பத்து விநாடி, அந்தத் தடிமன்காரர் அங்கே செலவழித்த ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு பஸ் கொஞ்சத் தூரம் ஓடியிருக்கும். பஸ் வந்திருந்தால். வண்டி பின்னால் எடுத்துத் திரும்பி வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம். வலப்பக்கம் என்று மூன்று தரம் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

சார்ஜன்ட் வருகிறார். இந்தத் தரம் நிலையில் சாயவில்லை, உள்ளே வந்து என் மேசையில் கிடந்த தாளை எடுத்துக் கண்ணருகே பிடித்து வாசிக்கிறார். "உனக்கு இவ்வளவு வடிவான கையெழுத்து என்று தெரியாது," என்கிறார். என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கத்தான் நாக்கு உன்னியது, பல்லால் பிடித்துக்கொண்டேன். என் பேனையை எடுத்துத் தன் இடத்தில் கையெழுத்து வைக்கிறார். "எனக்கு ஓய்வூதியத்துக்கு மூன்று வருடம் இருக்கிறது," என்கிறார், என்னிடமா தாளிடமா தெரியவில்லை. வாசலில் திரும்பி, "ஆனால் நான் அந்த நாலு வரியில் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன் சூ. ஒன்றும் வரவில்லை."

வெளி இணைப்பு அடிக்கிறது. எடுக்கிறேன். ஒரு பெண் குரல், ஆங்கிலத்தைத் தாளில் எழுதி வைத்து வாசிக்கிற குரல், சொல்லுக்குச் சொல் இடைவெளி. "என் பெயர் ஒடிலியா சோக். என் கணவர் பெயர் எல்மர் சோக். தயவுசெய்து. அவர் அங்கே இருக்கிறாரா?"

"இல்லை," என்கிறேன். "அவர் இங்கே இல்லை."

மறுபக்கத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்கிறது. அண்ணாவைத் தேடி அம்மா போன மூன்று முகாம்களின் வாசலிலும் இதைத்தான் சொன்னார்கள், இங்கே இல்லை, இங்கே இல்லை, இங்கே இல்லை, மூன்றாவது வாசலில் அம்மா அப்படியே மண்ணில் குந்திவிட்டா, எழுப்ப முடியவில்லை. இந்த வசனத்தை வேறு எப்படியும் சொல்லலாம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

"இல்லை, இல்லை, கேளுங்கள்," என்கிறேன், எழும்பி நிற்கிறேன், ஏனென்று தெரியாது. "அவரை ஒருவரும் கொண்டுபோகவில்லை. விட்டாச்சு. முன்கதவால், தானே நடந்து போனார். வீட்டுக்கு வருகிறார். விளங்குகிறதா? ஹோம். பஸ்."

"ஹோம்?"

"ஹோம்."

"குடிவரவு இல்லையா?"

"இல்லை. வந்தார்கள், அவர் இருக்கவில்லை, போய்விட்டார்கள்."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் ஒரே சத்தம். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கிறது, தட்டுவதை நிறுத்தி என்னவென்று கேட்கிறது. திடீரென்று அவள் குரல் மாறுகிறது. "பொறுங்கள். போனில் வேறு ஒரு நம்பர் வருகிறது. தெரியாத நம்பர்." பயம். தெரியாத நம்பரை ஒருபோதும் எடுக்காத வீடு அது என்று ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிடுகிறது, அப்படியான வீட்டில் நானும் இருந்திருக்கிறேன். இரண்டு நாள் பைக்குள் கிடந்த போனில் சார்ஜ் இருந்திருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது கேட்டு வாங்கியிருப்பார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மனப்பாடமாக இருக்கிற ஒரேயொரு இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தியிருப்பார்.

"எடுங்கள்," என்கிறேன்.

"மேடம், உங்களுக்கு..."

"எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னை விடுங்கள். அதை எடுங்கள், எடுங்கள்!"

நன்றிகூடச் சொல்லாமல் டக்கென்று வைத்துவிட்டாள்.